மூன்றாவது கொம்பு உடைந்த சத்தம்

அக்காவின் செல்லத் தம்பியே, என் அன்பு ரவி,

உன் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும்தான் மிச்சம். "சாமானுக்கு விளம்பரம் எழுதுற மாதிரி எழுதாதேங்கோ, உள்ளதை எழுதுங்கோ" என்றாள் உன் அக்கா பவா. உள்ளதை எழுதினால் ஊரெல்லாம் படிக்குமே என்றேன். "படிக்கட்டும்" என்றாள்.

ஆகவே சுற்றி வளைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்.

நான் கொடிக்கம்பம் விற்கிறவன். நோர்வேயின் வடகோடிப் பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிய கையோடு ஒஸ்லோவுக்கு வந்து, மரக்கறி இறக்கி, அரிசி இறக்கி, கடைசியில் இந்த நாட்டுக்காரன் எதை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று பார்த்துப் பிடித்த தொழில் அது. வீட்டுக் கூரை பழசாயிருக்கலாம், வேலி சரிந்திருக்கலாம். முற்றத்து வெள்ளைக் கம்பம் மட்டும் நேராக நிற்கவேண்டும். நீ படித்தவன். படகுக்கும் காற்றாலை இறக்கைக்கும் போகிற நார்ப் பொருட்களை ஆய்வுகூடத்தில் இழுத்து, வளைத்து, உடைத்துப் பார்ப்பது உன் வேலை. "நான் விக்கிறன், நீ உடைக்கிறாய்" என்று உன்னைச் சீண்டுவேன். "நாங்கள் உடைக்கிறபடியால்தான் நீங்கள் விக்கிறியள், அத்தான்" என்பாய்.

கோயிலில் சாமியின் பீடத்தைத் தோளில் தூக்கும் இரண்டு நீண்ட தடிகளைத்தான் கொம்பு என்கிறோம். எங்கள் கோயில் கொம்புகள் மரம். கப்பலில் வந்தவை, பொல்லாத பாரம். தூக்குகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. நீ இருந்த கடைசித் திருவிழாவில் தெரு வளைவில் ஒருவர் தடக்குப்பட்டு, சாமி ஒரு பக்கம் சரிந்து, பீடத்தின் மேலே நின்ற ஐயர் குடைக்கம்பைப் பிடித்துத் தொங்கினார். அன்று மாலையே கோயில் தலைவர் நடேசண்ணை என்னைப் பிடித்தார். "செல்வம், நீ கம்பம் விக்கிறவன்தானே. பாரமில்லாத கொம்பு இரண்டு செய்விச்சுத் தா."

எனக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. எனக்குக் கம்பம் செய்து அனுப்பும் தொழிற்சாலையில் காபன் நாரில் இரண்டு குழாய் செய்யச் சொன்னால் முடிந்தது. ஒரு ஆள் ஒரு கையால் தூக்கலாம். சமையலறையில் உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளில் கீறத் தொடங்கினாய்.

"தனிக் காபன் வேண்டாம் அத்தான்."

"ஏன்? அதுதானே எல்லாத்திலும் பெலம்?"

"பெலம்தான். ஆனால் நடேசண்ணை மாதிரி. நிமிர்ந்து நிப்பார், வளையமாட்டார், விழுந்தா ஒரேயடியா விழுவார். கண்ணாடி நார் உங்களைப் போல. இழுத்தா இழுபடும், ஆனால் பிடிச்சதை விடாது. இரண்டையும் சேர்த்தா, காபன் முறிஞ்சாலும் கண்ணாடி நார் தாங்கி நிக்கும். கீழை நிக்கிறவைக்கு விலக நேரம் கிடைக்கும்."

"அப்ப சணல் எண்டு ஏதோ கீறி வைச்சிருக்கிறாயே?"

"சணல் உள்ளுக்கு. அது அக்கா மாதிரி. மேலை நடக்கிற ஆட்டத்தையெல்லாம் தனக்குள்ளை வாங்கிக்கொள்ளும். தோளிலை அதிர்வு தெரியாது."

"என்னைச் சாக்கு எண்டு சொல்லுறான் பாருங்கோ" என்று பவா அகப்பையை ஓங்கினாள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு அந்தச் சமையலறையில் இன்னும் இருக்கிறது என்று அவள் சொல்வாள். உடைகிறபோது வருகிற சத்தத்தைப் பற்றியும் ஏதோ சொல்லத் தொடங்கினாய். அதற்குள் ட்ரம்மன் நகரத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். நான் எழுந்து போய்விட்டேன். வியாபாரி காது அப்படித்தான்.

உள்ளே சணல், அதற்கு மேல் காபன், வெளியே கண்ணாடி நார். எத்தனை படை, எந்தச் சரிவில் சுற்றவேண்டும் என்று நீ அந்தத் தாளிலேயே எழுதித் தந்தாய். இரண்டு முனையும் பிசினால் அடைக்கப்பட்டு வரவேண்டும் என்று அடியில் கோடு போட்டிருந்தாய். இரண்டு கொம்பு தேவை, ஆனால் மூன்று செய்யச் சொன்னாய்.

"மூண்டாவது என்னத்துக்கு?"

"உடைக்கிறதுக்கு. கணக்கு எத்தனையும் சொல்லும் அத்தான். ஒண்டை உடைச்சுப் பாத்தால்தான் மற்ற இரண்டையும் நம்பலாம்."

"நல்ல சாமானை ஆராவது உடைக்கிறதுக்கெண்டு செய்விப்பினமோ?"

"சாமி ஆடிக்கொண்டு வரும். ஆட்டம் பாரத்தை இரட்டிப்பாக்கும். ஒருத்தர் தடக்கினால் இன்னும் ஏறும். ஒரு கொம்பிலை வாற பாரத்துக்கு நாலு மடங்கு தாங்காட்டி, அதை ஆரின்ரை தோளிலையும் வைக்கக்கூடாது."

கார்த்திகையில் மூன்றும் வந்து இறங்கின. அதே கிழமைதான் உன் வயிற்று வலிக்குப் பெயர் சொன்னார்கள். நீ ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தாய். மூன்றாவது கொம்பு என் கராச்சில் கிடந்தது. ஒவ்வொரு முறை சாமான் ஏற்றுகிற வானை உள்ளே நிறுத்தும்போதும் அது கண்ணில் படும். வெள்ளையாக, நேராக, ஒரு கீறல் இல்லாமல். கடைசியில் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? எங்கள் லோறென்ஸ்கூக் வீட்டு முற்றத்தில் பழைய கம்பத்தைப் பிடுங்கிவிட்டு அதை நட்டேன். ஊருக்கெல்லாம் கம்பம் விற்கிறவன் வீட்டில் நல்ல கம்பம் நிற்கட்டும் என்று.

மாசியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தேன். குரல் இல்லாமல் போயிருந்தது உனக்கு. குனிந்து கேட்டேன். "மூண்டாவதை உடைச்சனீங்களோ அத்தான்?"

"ஓம் ரவி, உடைச்சாச்சு. நல்லாத் தாங்கிச்சு."

நீ கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாய். பிறகு, "சத்தம் எப்பிடி இருந்தது?" என்றாய்.

"சத்தமோ? டமார் எண்டு ஒரே சத்தம். வெடி மாதிரி."

நீ சிரித்தாய். "நல்லது அத்தான்" என்றாய். என் கையைப் பிடித்திருந்தாய். பொய் சொன்னாலும் ஒரு மனுசனைச் சந்தோசப்படுத்தினோம் என்று நினைத்துக்கொண்டு வானை ஓட்டிக்கொண்டு வந்தேன். நான்கு நாளில் நீ போய்விட்டாய்.

இனி, நீ இல்லாத காலத்துச் செய்திகள்.

இந்த நாட்டின் தேசிய நாளான மே பதினேழில் என் முற்றத்தில் கொடி ஏறியது. அடுத்த வீட்டு ஒட்வார் வந்து கம்பத்தைத் தட்டிப் பார்த்து, இந்தத் தெருவிலேயே காற்றில் ஆடாத கம்பம் இதுதான் என்று பாராட்டினான். சணல் என்றேன். சிரித்தான்.

ஆனியில் கொம்புகளைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். வாகனம் வைக்கிற அறைக் கதவுக்குள் அவை திரும்பவில்லை. ஒரு முழம் நீளம் கூடிவிட்டது. அளந்து பார்க்காமல் செய்வித்தது என் பிழை. வானுக்குள் அறுக்கிற வாள் கிடந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் அரை முழம் அறுத்தேன். நீ கோடு போட்டுச் சொன்ன பிசின் அடைப்பு நான்கும் கீழே விழுந்தன. பித்தளைப் பூண் மாட்டினால் வெட்டு முகம் வெளியே தெரியாதுதானே என்று விட்டுவிட்டேன்.

புதுக் கொம்பு சாமியைத் தொடுமுன் அதற்கு அபிசேகம் செய்யவேண்டாமா? செய்தார்கள். பூண் மாட்டுவதற்கு முன்பே, கொம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மேல் முனையிலிருந்து பால், இளநீர், மஞ்சள் நீர். உனக்குச் சொல்லத் தேவையில்லை, அது உள்ளே பொந்தான குழாய். கீழ் முனையில் வாழைப்பூவைப் போல் பட்டுத்துணி இறுக்கிக் கட்டியிருந்தது. வார்த்ததில் பாதி உள்ளேயே நின்றிருக்கும். நானும் ஒரு செம்பு வார்த்தேன். பிறகு ஈரத்துணியோடு சுற்றி, பூணை மாட்டி, அறையில் கிடத்திப் பூட்டினோம். எல்லோருக்கும் மனம் நிறைந்திருந்தது.

திருவிழாவுக்கு ஒரு மாதமும் சொச்சமும் இருக்கும்போது உன் மகள் ஆரணி தொலைபேசி எடுத்தாள். "மாமா, அது அப்பான்ரை கொம்பு. முன்னுக்கு நான்தான் பிடிப்பன். பொம்பிளையள் தூக்கக்கூடாதெண்டு ஆராவது சொன்னா என்னட்டை அனுப்புங்கோ."

"ஆரும் சொல்லமாட்டினம் பிள்ளை. தோள் தாங்குமோ?"

"அதுதானே அப்பா பாரமில்லாமல் செய்தவர்?"

அன்றைக்கே அறையைத் திறந்து பார்க்கப் போனேன், அவளுக்கு உயரம் சரிவருமா என்று. பூணைக் கழற்றினேன். புளித்த பாலும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு மணம். ரவி, நான் எத்தனை வருடம் சாக்கு இறக்கினவன்! ஈரச் சாக்கின் மணம் எனக்குத் தெரியாதா? உள்விளிம்பில் விரலை விட்டேன். சணல் பொம்மிப்போயிருந்தது. நகத்தால் நெம்ப, காபனிலிருந்து இலேசாகப் பிரிந்தது.

அந்த இடத்தில் நின்று ஒரு வியாபாரி என்ன யோசிப்பானோ அதைத்தான் நானும் யோசித்தேன். காற்று அடித்துக் காயவைக்கலாம். பிசின் வாங்கிப் பூசி முனையை அடைக்கலாம். பூணை மாட்டினால் ஆருக்குத் தெரியும்? ஒரு நாள் திருவிழாதானே? வெளியே பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. பூணைத் திரும்ப மாட்டியும் விட்டேன். வானுக்குள் ஏறியபோது, முன்னால் யார் பிடிக்கப்போகிறாள் என்பது நினைவுக்கு வந்தது. இறங்கவில்லை. நேரே உன் ஆய்வுகூடத்துக்கு ஓட்டினேன்.

உன்னோடு வேலை செய்த மாரித் வாசலில் வந்து என்ன விசயம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், பாலையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. "உங்கள் முற்றத்தில் நிற்கிறது காய்ந்த கம்பம். அதை உடைத்தால் காய்ந்த கம்பத்தைப் பற்றித்தான் தெரியும். மற்ற இரண்டுக்கும் என்ன செய்தீர்களோ அதை இதற்கும் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள்" என்றாள். நோர்வேஜியர்கள் இப்படித்தான். அழவிடமாட்டார்கள், வேலை கொடுப்பார்கள்.

கம்பத்தைப் பிடுங்கினேன். ஒட்வார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விற்றுவிட்டாயா?" என்றான். இல்லை, உடைக்கப் போகிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனான். கராச்சில் வைத்து இரண்டு முனையும் அதே அளவு அறுத்தேன். பவா பாலும் மஞ்சளும் கலந்து கொண்டுவந்தாள். எதற்கு என்று அவளுக்கு அதுவரை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன், உன்னிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சாகக் கிடந்தவனிட்டையோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாளியைத் தூக்கி அவளே குழாய்க்குள் வார்த்தாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

மற்ற இரண்டும் கோயிலில் எத்தனை நாள் ஈரத்தோடு கிடந்தனவோ, அத்தனை நாள் அதுவும் கிடந்தது. பிறகு மாரித்திடம் கொண்டுபோனோம், பவாவும் வந்தாள். கொம்பின் இரண்டு முனையையும் தாங்கிகளில் வைத்து, நடுவில் மேலிருந்து இயந்திரம் அமுக்கத் தொடங்கியது. மெதுவாக. உன் தாளை மாரித் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். எத்தனை மடங்கு பாரம் என்று திரையில் ஏறிக்கொண்டு போனது.

ஒரு மடங்கு. ஒன்றுமில்லை. அது தாண்டிக் கொஞ்சத்தில், உள்ளே கடுகு வெடிப்பது போல ஒரு சின்னச் சத்தம். இன்னொன்று. பவா என் கையைப் பிடித்தாள். "அது சணல். விலகுகிறது" என்றாள் மாரித். பிறகு அப்பளத்தைக் கைக்குள் வைத்து நொறுக்குவதுபோல நெடுக நொறுங்கிக்கொண்டே போனது. இரண்டு மடங்கு தாண்டினபோது 'டக்' என்று காபன் முறிந்தது. நான் பின்னால் துள்ளிவிட்டேன். ஆனால் கொம்பு விழவில்லை, ரவி. வளைந்துகொண்டு நின்றது. நீ சொன்ன மாதிரியே கண்ணாடி நார் பிடித்துக்கொண்டிருந்தது. இயந்திரம் அமுக்க அமுக்க இறங்கிக்கொண்டு, நார் நாராகக் கிழிந்துகொண்டு, முனகிக்கொண்டு, கடைசியில் பழைய சேலை கிழிகிற சத்தத்தோடுதான் கையை விட்டது.

டமார் என்று ஒரே சத்தம் எங்கே? வெடி எங்கே?

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. சத்தம் எப்பிடி இருந்தது என்று நீ ஏன் கேட்டாய் என்று. உன் கொம்பு அப்படி உடையாது என்று உனக்குத் தெரியும். அப்படி உடையக்கூடாது என்றுதானே படை படையாகச் சுற்றச் சொன்னாய். நான் வாயைத் திறந்த உடனேயே, உடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டாய். பிறகும் "நல்லது அத்தான்" என்றாய். ஏன்? பெலமில்லாமல் விட்டாயா? என்னை வெட்கப்படுத்த வேண்டாம் என்றா? இல்லாவிட்டால், இந்த மனுசன் எப்படியும் ஒருநாள் உடைப்பான் என்று நம்பினாயா? கேட்க நீ இல்லை. பவாவிடம் கேட்டேன். "அவன் உங்களை அளந்து வைச்சிருந்தவன்" என்றாள். அளந்து என்ன வந்தது என்று அவள் சொல்லவில்லை.

மாரித் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. உங்கள் மைத்துனர் நான்கு கேட்டிருந்தார். நான் இதற்குக் கீழே நிற்கமாட்டேன்."

அடுத்த ஞாயிறு நிர்வாகசபையில் எழுந்து நின்று, இந்த வருடம் புதுக் கொம்பு இல்லை என்றேன். எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உன்ரை கொடிக்கம்பத்தை நம்பி பழசை விறகாக்கியிருந்தா என்ன செய்திருப்பம்?" இது நடேசண்ணை.

"பால் வார்த்தாப் பழுதாப்போற சாமான் கோயிலுக்கு என்னத்துக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாலிலை பிழையில்லை. ரவி அடைச்சுத்தான் தந்தவன். அறுத்தது நான். உடைச்சுப் பார் எண்டதை உடைக்காமல் வீட்டிலை நட்டு வைச்சதும் நான்" என்றேன். பிறகு நடேசண்ணை கேட்டார்: "அப்ப உடைஞ்சது எப்பிடி இருந்தது?" நான் கொண்டுபோன துண்டைக் காட்டினேன். கூட்டுகிற தும்புத்தடி மாதிரி நார் தொங்கிக்கொண்டிருந்தது. கை மாறிக் கை மாறி வந்தது. "இவ்வளவு முறிஞ்சும் இரண்டாப் போகேல்லையோ?" என்றார் அவர். "போகேல்லை அண்ணை." அந்தத் துண்டை அவரே வைத்துக்கொண்டார்.

ஆவணியில் பழைய மரக் கொம்பில்தான் சாமி வந்தது. ஆரணி முன்னால் பிடித்தாள். வளைவில் எல்லோரும் மெதுவாகத் திரும்பினோம். அவளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன், என் முழங்காலோடு. அன்று இரவு தோளில் கன்றிப்போன இடத்தைக் காட்டி, "மாமா, அடுத்த முறை அப்பான்ரைதான் வேணும்" என்றாள். உன் மகள்தான், சந்தேகமில்லை.

இப்போது கதவை அளந்துவிட்டேன். இரண்டு தரம். புதிதாக மூன்று கொம்புக்குச் சொல்லியிருக்கிறேன், உன் தாளில் உள்ளபடி, ஒரு படை கூட்டாமல் குறைக்காமல். முனைகளை அடைத்துத்தான் வரும். அபிசேகத்துக்கு நானே பக்கத்தில் நிற்பேன். வெளியே எவ்வளவும் வார்க்கட்டும், உள்ளே ஒரு சொட்டுப் போகாது. நடேசண்ணையும் ஒத்துக்கொண்டார்.

வசந்தத்தில் மூன்றாவதை மாரித்திடம் கொண்டுபோவேன். இந்த முறை ஆரணியும் வருகிறாளாம். முதல் கடுகு எந்த மடங்கில் வெடிக்கிறது, காபன் எப்போது முறிகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் தாங்கி நிற்கிறது, எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்பேன். தொலைபேசியை வானுக்குள் வைத்துவிட்டுப் போவேன். நீ கேட்ட நாலு மடங்கு வராவிட்டால், மரக் கொம்புதான், எத்தனை வருடமானாலும். வந்தால், உன் படத்துக்கு முன்னால் வந்து நின்று சத்தம் எப்பிடி இருந்தது என்று சொல்வேன். இந்த முறை கேட்டதைத்தான் சொல்வேன், ரவி.

உன் அக்காவின் புருசன்,
உனக்கு எப்போதும் அத்தான்,
செல்வம்
லோறென்ஸ்கூக்